பெரிய போர்டு, சின்ன போர்டு, வேதமுத்து

குயில்கானம் எஸ்டேட்டில் கரண்ட் என்று பேச்சு வந்தால் அடுத்த வார்த்தை வேதமுத்துவாகத்தான் இருக்கும். டீ ஃபேக்டரியில் மோட்டார் புகைந்தாலும் அவர்தான், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஃபியூஸ் போனாலும் அவர்தான், கோயில் மைக் கரகரத்தாலும் அவர்தான். கேரளத்து வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் குலுங்கி ஏற வேண்டிய மலை அது. முப்பத்து நான்கு வருஷமாக அங்கே அவர்தான் ஃபேக்டரி எலக்ட்ரீஷியன். படித்தது ஒன்பதாவது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் கொழுந்து பறிக்க மலையேறி வந்த குடும்பம். அதில் ஸ்க்ரூடிரைவர் பிடித்த முதல் கை இவருடையது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

ஊரடங்குக் காலத்தில்தான் அவருக்கு எலக்ட்ரானிக் போர்டுப் பைத்தியம் பிடித்தது. மகள் ஜெஸ்னா கோட்டயத்தில் நர்ஸ். அவள் கொடுத்த பழைய போனில் மலையாளத்திலும் தமிழிலும் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். சாமான்கள் ஒவ்வொன்றாகக் கூரியரில் வந்தன. வீட்டில் இருந்த ஒரே மேஜை சாலிடரிங் மேஜையாயிற்று. சாப்பாடு தரைக்கு வந்தது. கோழிக்கூட்டுக் கதவு பொழுது சாய்ந்ததும் தானாகச் சாத்திக்கொள்ளும்படி செய்தார். முதல் நாளே இரண்டு கோழிகள் வெளியே மாட்டிக்கொண்டு நரிக்குப் போயின. மனைவி ஞானஜோதி அதை இன்னும் மன்னிக்கவில்லை.

அவரிடம் இரண்டு வகைப் போர்டுகள் இருந்தன. ஒன்று சீட்டுக்கட்டு அளவு. ஆனால் முழுக் கம்ப்யூட்டர். ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர் என்பார்கள். டிவியில் மாட்டினால் படம் காட்டும், பாட்டுப் பாடும், இன்டர்நெட்டுக்குள் போய்வரும். இன்னொன்று தீப்பெட்டி அளவு. மைக்ரோகண்ட்ரோலர் என்று பெயர். அதற்குப் படமும் தெரியாது, பாட்டும் தெரியாது. எழுதிக் கொடுத்த ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். எஸ்டேட் ஜனங்கள் இந்தப் பெயர்களையெல்லாம் வாயில் போட்டு மெல்லவில்லை. பெரிய போர்டு, சின்ன போர்டு. தீர்ந்தது.

இரண்டில் எதை வாங்கலாம் என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டவர்கள் ஜீப்பைத் தவறவிட்டிருக்கிறார்கள். தெரியாத்தனமாகக் கேட்ட ஒரு காப்பீட்டு ஏஜெண்ட், தான் வந்த வேலையைச் சொல்லாமலே மலையிறங்கிப் போனார்.

"பெருச எழுப்பணும். பெறவு அது கண்ணத் தொறந்து, கார்டப் படிச்சு, சோம்பல் முறிச்சு, ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் வேலைக்கு வரும்" என்று ஆரம்பிப்பார் வேதமுத்து. "நடுவுல படக்குனு கரண்ட் போச்சுன்னா மெமரி கார்டு கெட்டாலும் கெட்டுரும். ஒரு ஆளு உக்காந்து சரி பண்ணணும். சின்னது அப்படியில்ல. கரண்ட் வந்தா வேல, போனா தூக்கம். முந்தி நடந்தது ஒண்ணையும் மனசுல வச்சுக்கிடாது. யோசிக்கணுமா, பெருசு. செய்யணுமா, சின்னது."

இப்படி நடுநிலையாகப் பேசினாலும் மனசு முழுக்கச் சின்னதின் பக்கம்தான். பெரியதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். சின்னதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

இப்படியே போயிருந்தால் சொல்ல ஒன்றுமில்லை. டிசம்பர் முப்பத்தொன்றோடு அவருக்கு வேலை முடிகிறது. ஐம்பத்தெட்டு வயசு. எஸ்டேட்டில் வேலை இருக்கிறவர்களுக்குத்தான் லயத்தில் வீடு. வேலை போனால் வீடும் போகும். வீட்டில் வேறு யாராவது கொழுந்து பறித்தால் தப்பிக்கலாம். ஞானஜோதி முப்பது வருஷம் பறித்தவள்தான், முட்டி தேய்ந்து மூன்று வருஷத்துக்கு முன்பே நின்றுவிட்டாள். அவள் பிறந்தது ஏழாம் நம்பர் லயம், வாழ்க்கைப்பட்டது ஒன்பதாம் நம்பர் லயம். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே ஒரு தண்ணீர்க் குழாயும் நாலு முருங்கை மரமும்தான். ஐம்பத்துநாலு வயசில் முதல் தடவையாக அவள் ஊரைவிட்டுப் போக வேண்டும். போகிறதற்கு ஊர் என்று ஒன்று வேண்டாமா? திருநெல்வேலியில் இவர்களை யாருக்குத் தெரியும்?

ஒரே ஒரு வழி இருந்தது. மானேஜர் கோபிநாத் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரர், முப்பத்தைந்து வயசு, பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுகிற ஆள். பறித்த கொழுந்தைக் காற்றில் வாட்டும் ஃபேக்டரி மாடியில் பெரிய காற்றாடிகளைக் கம்ப்யூட்டர் வைத்து ஓட்டப்போவதாக அக்டோபரிலேயே அவர் ஒரு பேச்சு விட்டிருந்தார். "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரு ஆளு கூடவே இருக்கோணுமுங்க. கான்ட்ராக்ட்ல போட்டுக்கலாமுங்க" என்றும் சொன்னார். கான்ட்ராக்ட் ஆளுக்கும் வீடு உண்டு. அந்த ஆள் தான்தான் என்று மானேஜர் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். படுவதற்கு இடமும் நாளும் அமைந்தன. கிறிஸ்துமஸ் குடில் திறக்க அந்த வருஷம் மானேஜரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

எஸ்டேட்டின் கிறிஸ்தவக் கோயிலில் குடில் என்றால் வைக்கோலும் பொம்மையும் மட்டுமில்லை. பக்கத்து எஸ்டேட்டுகளோடு மானப் போட்டி. வருஷா வருஷம் வேதமுத்துதான் பழைய ஜீப்பின் வைப்பர் மோட்டார்களை வைத்து ஆடுகளைத் தலையாட்ட வைப்பார், குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களை மலையிறக்குவார். இந்த வருஷம் போர்டு வைத்து ஓட்டலாம் என்று நவம்பரில் கமிட்டி யோகம், அதாவது கூட்டம், கூடியது. கமிட்டி செக்ரட்டரி ரிஜின் ஆட்டோ ஓட்டுகிறவன். பெரிய போர்டுதான் வேண்டும் என்று அடித்துச் சொன்னான்.

"மாமா, வானத்துல ஒரு டிவி வைக்கிறோம். தேவதூதரு, நம்ம சம்மனசு, பறந்து வந்து பாடுது. சின்ன போர்டுக்கு அது முடியுமா?"

அவ்வளவுதான், ராசம்மாள் எழுந்தாள். கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. ரிஜினின் யூனியன் வேறு, அவள் யூனியன் வேறு. ஒரு யூனியன் மழை என்றால் மறு யூனியன் குடையை மடக்கிக்கொண்டு நனையும்.

"பெருசுன்னாலே மொதலாளி பக்கந்தான். சின்ன போர்டு தொழிலாளி. நாங்க சின்னதுக்குத்தான்" என்றாள் ராசம்மாள்.

"அக்கா, அதுக்குப் பாடத் தெரியாதுக்கா."

"பாடுதவன் எவன் வேல செஞ்சான்?"

அரை மணி நேரத்தில் கோயில் இரண்டாகப் பிரிந்தது. மைக்ரோகண்ட்ரோலர் என்ற வார்த்தையை வாழ்நாளில் கேட்டிராதவர்கள் அதற்காக உயிரைக் கொடுக்கத் தயாராக நின்றார்கள். பங்குச் சாமியார் மாசத்துக்கு ஒருமுறை வருகிறவர். "ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க" என்று ஜெபம் சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். கடைசியில் தீர்மானம் இப்படி எழுதினார்கள்: குடிலின் வலது மலை, சம்மனசு, பாட்டு ஆகியவை பெரிய போர்டுக்கு, இடது மலை, நட்சத்திரம், ஆடுகள், ராஜாக்கள் ஆகியவை சின்ன போர்டுக்கு. நடுவில் குழந்தை இயேசுவுக்கு எந்தப் போர்டு கரண்ட் கொடுப்பது என்று மறுபடியும் சண்டை வந்தது. அவருக்குப் போர்டே வேண்டாம், சாதா சுவிட்ச் போதும் என்று முடிவாயிற்று.

வேதமுத்துவுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். இரண்டு போர்டையும் ஒரே மேடையில் ஓட்டிக் காட்டுவது எவனுக்குக் கிடைக்கும்? ஞானஜோதிக்கு அந்தச் சந்தோஷத்தைக் கண்டாலே பயமாக இருந்தது. திறப்பு விழாவன்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே புருஷனுக்குப் பாடம் எடுத்தாள்.

"இங்கேருங்க. மானேஜர் சாரு வந்து கேட்டாருன்னா பெரிய போர்டக் காட்டுங்க. இதுக்குக் கூடவே ஒரு ஆளு இருக்கணும், அந்த ஆளு நாந்தான்னு சொல்லுங்க. சின்னதப் பத்தி வாயத் தொறக்காதீக."

"சரி ஜோதி."

"சத்தியமா?"

"சொல்லுதேன்ல, சரின்னு!"

டிசம்பர் இருபத்துநாலு சாயந்திரம் ஆறு மணிக்கு மானேஜர் வந்தார். மூடுபனி இறங்கி எதிர்ச்சரிவு தெரியாத நேரம். சுவிட்சைப் போட்டார். இடது மலையில் நட்சத்திரம் எரிந்தது, ஆடுகள் தலையாட்டின, ராஜாக்கள் கிளம்பினார்கள். வலது மலையில் டிவிக்குள் சம்மனசு சிறகடித்து வந்து கணீரென்று பாடியது. ரிஜின் மீசையைத் தடவிக்கொண்டான். நாலு நிமிஷம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

கரண்ட் போயிற்று. அது எஸ்டேட்டில் விசேஷமில்லை, போகாதிருந்தால்தான் விசேஷம். ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தது. வந்த நொடியிலேயே இடது மலை விழித்தது. நட்சத்திரம் பளிச்சிட்டது, ராஜாக்கள் விட்ட இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் முதலிலிருந்து மலையிறங்கினார்கள். வலது மலையில் வானம் கறுப்பாகக் கிடந்தது. பிறகு சம்மனசு வர வேண்டிய இடத்தில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. ஓடி, ஓரிடத்தில் நின்றுவிட்டன.

"சம்மனசு யாருக்கோ மனு எழுதுது பாருங்க!" என்று ராசம்மாள் ஊருக்கே கேட்கச் சொன்னாள். இடது பக்க யூனியன் கைதட்டிச் சிரித்தது. ரிஜினின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வேதமுத்து கீபோர்டையும் மாற்று மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டு குடிலுக்குள் தவழ்ந்து போனார். அவர் உள்ளே இருந்த கால் மணி நேரத்தில் மூன்று ராஜாக்கள் பெத்லகேமுக்கு ஐந்து தடவை போய்த் திரும்பினார்கள். மானேஜர் கோபிநாத் இடது மலைப் பக்கம் குந்தி உட்கார்ந்து, வைக்கோலுக்கு நடுவே மினுக்கிக்கொண்டிருந்த அந்தத் தீப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேதமுத்து புதுக் கார்டு மாட்டிச் சம்மனசைப் பாட வைத்துவிட்டு, தலையெல்லாம் வைக்கோலாக வெளியே வந்ததும் கேட்டார்.

"ஏனுங்க வேதமுத்துண்ணா, அந்தப் பக்கம் நின்னு போச்சு, இந்தப் பக்கம் அதுபாட்டுக்கு ஓடுதுங்களே. ரெண்டும் வேற வேறயா? என்னங்க வித்தியாசம்?"

சொல்ல வேண்டியது என்ன என்று வேதமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். கீபோர்டு கையிலேயே இருக்கிறது. வலது பக்கம் விரலை நீட்டி, இதுக்கு ஆள் வேணும் சார் என்று ஒரு வரி சொல்லி வாயை மூடினால் வீடு நிலைத்தது. பெண்கள் வரிசையிலிருந்து ஞானஜோதி கண்ணாலேயே அதட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் ஐயோ, இந்தக் கேள்விக்காக ஐந்து வருஷம் காத்துக் கிடந்த மனுஷன் அவர். அதுவும் கேட்கிறவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஓட வழி தேடவில்லை, தரையில் குந்தி உட்கார்ந்து கேட்கிறார். யாரால் அடக்க முடியும்?

"பெருசு படிச்ச புள்ள மாதிரி சார். எல்லாந் தெரியும், ஆனா கூடவே ஒரு ஆளு நிக்கணும்" என்று தொடங்கினார்.

"அப்ப இதுக்குங்க?"

"இதுக்கா? இதுக்கு ஆளே வேண்டாம் சார்!"

"கரண்ட் போனாலுங்களா?"

"போகட்டுமே சார். வந்ததும் புதுசாப் பொறந்த மாதிரி முதல்லருந்து ஆரம்பிச்சுரும். ஒருத்தரும் தொட வேண்டாம். சூடு, ஈரம், தூசி, ஒண்ணுக்கும் மசியாது. மாட்டிவிட்டுட்டு மறந்துரலாம். அஞ்சு வருஷமானாலும் யாரும் எட்டிப் பாக்க வேண்டியதே இல்ல."

"அடடே, அப்படிங்களா!"

கால் மணி நேரம் பேசினார். அவருடைய வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அவர் பேசியதே இல்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது பெண்கள் வரிசையில் ஞானஜோதி இல்லை. அவர் பேச்சின் பாதியிலேயே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இருபத்தாறாம் தேதி மானேஜர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். முப்பத்து நான்கு வருஷத்தில் அந்த அறையில் வேதமுத்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். டீயும் வந்தது.

"வேதமுத்துண்ணா, உங்களுக்காகத்தானுங்க கம்பெனில ஒரு கான்ட்ராக்ட் போஸ்ட் கேட்டு வெச்சிருந்தேன்" என்றார் கோபிநாத். முகமெல்லாம் சிரிப்பு. "காலைல போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிப்போட்டேனுங்க. ஆளே தேவைப்படாதுன்னு நீங்களே சொல்லீட்டீங்களே! வேற ஒருத்தரா இருந்தா இதைச் சொல்லியிருப்பாங்களா? தனக்கு வேலை வேணும்னு பெருசத்தான் காட்டியிருப்பாங்க. உங்க நேர்மையப் பத்திக் கம்பெனிக்கே லெட்டர் எழுதியிருக்கறேனுங்க."

"சந்தோஷம் சார்" என்றார் வேதமுத்து. வேறென்ன சொல்வது? டீ நாக்கைச் சுட்டது, அதைக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

"போறதுக்குள்ள வாட்டுற மாடிக்கு அந்தச் சின்ன போர்டையே மாட்டிக் குடுத்துட்டுப் போயிருங்க. உங்க ஞாபகமா இருக்குமுங்க."

அந்த மனுஷனிடம் ஒரு துளிகூட வஞ்சகம் கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல். நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டவாவது ஒரு முகாந்திரம் வேண்டாமா?

ஞானஜோதி அழவில்லை. இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே என்று கணக்காகப் பேசினாள். "மாடில பெரிய போர்ட வச்சிருங்க. அது பத்து நாளைக்கு ஒருக்கப் படுத்துக்கிடும். ஆளக் கூப்பிடுவாக. கூப்பிட்டா வேற யாரக் கூப்பிடுவாக?"

"அதெப்படி ஜோதி முடியும்? மாடில ஈரம், தூசி. தெனம் நாலு தடவ கரண்ட் போகுது. காத்தாடி நின்னு போச்சுன்னா விடியுததுக்குள்ள கொழுந்து வெந்து செவந்துரும். முன்னூறு பேரு பறிச்ச கொழுந்து. நீ பறிச்ச கொழுந்து."

"நான் பறிச்சது மூணு வருஷத்துக்கு முந்தி. அதெல்லாம் எவனோ குடிச்சு முடிச்சிருப்பான்" என்றாள் அவள்.

ஆனாலும் அவரால் முடியவில்லை. சின்ன போர்டைத்தான் மாட்டினார். எட்டுக் காற்றாடிகள். ஈரத்தை அளக்கிற சென்சார் சொல்வதைக் கேட்டு, எது ஓடணும், எது நிற்கணும், எப்போது சூடான காற்று வரணும் என்று முப்பது வருஷம் தன் மூக்கும் விரலும் கற்றதையெல்லாம் அதற்குள் எழுதினார். அப்படிப்பட்ட ஒரு புரோகிராமை அவர் அதற்கு முன் எழுதியதில்லை. முப்பதாம் தேதி மத்தியானம், எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் ஒரு நாலு வரி சேர்த்தார்.

ஓட ஆரம்பித்து நாற்பது நாள் ஆனதும் போர்டு தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். சிவப்பு விளக்கு எரியும். காற்றாடிகள் நிற்காது, எல்லாம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும், கொழுந்துக்குச் சேதமில்லை. ஆனால் தானியங்கி வேலை செய்யாது. அதைச் சரிசெய்ய ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். திருடப் போன இடத்திலும் செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகிற சுபாவம் அவருக்கு. தவக்காலம் நாற்பது நாள் என்பதால் அந்தக் கணக்கு மனசில் வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஞானஜோதியின் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. "இது பாவமில்லையா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"பாவந்தான். நாப்பத்தொண்ணாம் நாளு சாமியாருகிட்ட சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிடலாம்."

"சாமியாரு மாசத்துக்கு ஒருக்கத்தான வருவாரு, மறந்துராதீக" என்று சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு!

முப்பத்தொன்றாம் தேதி காலையில் மாடியில் போர்டு ஓடத் தொடங்கியது. பிரிவு விழாவில் பூமாலை, பொன்னாடை, சுவர்க் கடிகாரம் எல்லாம் கிடைத்தன. வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் வாடகைக்கு ஓர் அறையும் சமையல்கட்டும் பிடித்தார்கள். ஒன்பது அட்டைப்பெட்டி, இரண்டு தகரப்பெட்டி. ஞானஜோதி அடுப்பையும் இரண்டு சட்டிகளையும் மிக்சியையும் மட்டும் வெளியே எடுத்தாள். மற்றவை கயிறு போட்டுக் கட்டினது கட்டினபடி சுவரோரம் அடுக்கியிருந்தன. நாற்பது நாளைக்காக எதற்கு அவிழ்க்க வேண்டும்? மகள் ஜெஸ்னா கோட்டயத்திலிருந்து பார்க்க வந்தவள், "என்னம்மா, பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்க மாதிரி இருக்கீங்க" என்றாள். "அப்பாவுக்கு வேல வருது" என்று அம்மா கண்ணைச் சிமிட்டினாள். ஆணி அடித்துப் படம் மாட்டக்கூட விடவில்லை.

பிப்ரவரி ஒன்பது நாற்பதாம் நாள். வேதமுத்து காலையிலேயே சவரம் செய்து, பேண்ட் போட்டுக்கொண்டு, டெஸ்டரைப் பையில் செருகி, போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஞானஜோதி வழிக்குக் கட்டுச்சோறே கட்டிவிட்டாள். பகல் முழுக்கப் போன் இரண்டு தடவை அடித்தது. ஒன்று லோன் வேண்டுமா என்று. இன்னொன்று ராங் நம்பர். கட்டுச்சோற்றைச் சாயந்திரம் இருவரும் வீட்டிலேயே பிரித்துச் சாப்பிட்டார்கள்.

"விளக்கு எரிஞ்சதக் கவனிச்சிருக்க மாட்டாக" என்றார் அவர். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாள் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் தேதி சந்தையில் ராசம்மாளைப் பார்த்தார். கேட்காமல் இருக்க முடியுமா?

"மாடில எல்லாம் எப்படி ஓடுது ராசம்மா?"

"அத ஏன் கேக்குதீக அண்ணே! உங்க மெஷினு ஒரு நாளு ஒரு பொழுது மொரண்டு பிடிக்கல. கொழுந்து இப்படி வாடி நாங்க பாத்ததே இல்ல. நாங்க சின்ன போர்டுக்கு நின்னது சரியாப் போச்சு பாத்தீகளா? யோகத்துல ரிஜினு இப்ப வாயத் தொறக்க மாட்டேங்கான்."

வேதமுத்துவுக்கு நெஞ்சு ஒரு சாண் உயர்ந்தது. மறுகணமே எரியாத சிவப்பு விளக்கு ஞாபகம் வந்தது. வாங்க வந்த வெங்காயத்தை வாங்காமலே வீட்டுக்கு வந்தார்.

ஞானஜோதி துவையலுக்குத் தேங்காயைப் போட்டு மிக்சியைத் திருகினாள். கரண்ட் போயிற்று. "சனியன்" என்று சொல்லிவிட்டு, சுவிட்சை அணைக்காமல் கறிவேப்பிலை ஆய உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்ததும் மிக்சி விர்ரென்று தானாகக் கிளம்பி அவளைத் தூக்கிவாரிப்போட்டது.

வேதமுத்து எழுந்து நின்றுவிட்டார்.

சின்ன போர்டிடம் காலண்டர் கிடையாது. கரண்ட் வந்த நொடியிலிருந்துதான் அது நாளை எண்ணும். கரண்ட் போய் வந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஃபேக்டரியில் ஜெனரேட்டர் உண்டுதான். ஆனால் அது பிடிப்பதற்குள் அரை நிமிஷம் இருட்டு. அந்த அரை நிமிஷம் போதும். குயில்கானத்தில் தினம் நாலு தடவை கரண்ட் போகிறது. இத்தனை நாளில் அது நாற்பது நாள் இல்லை, முழுசாக ஒரு நாளைக்கூட எண்ணி முடித்திருக்காது. எண்ணியதைத் தனக்குள்ளேயே குறித்து வைக்க அதில் ஒரு மூலை இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நடந்திருக்கும். பெரிய போர்டாக இருந்தால் இன்றைக்குத் தேதி என்ன என்று இன்டர்நெட்டில் கேட்டாவது சரியாக நாற்பதாம் நாள் நின்றிருக்கும். முந்தி நடந்ததை மனசில் வைத்துக்கொள்ளாது என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டவர் யார்? அடப்பாவி மனுஷா!

மிக்சியை நிறுத்தச் சொல்லிவிட்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவளுக்குப் புரிகிறவரை இரண்டு தடவை சொன்னார்.

"அப்பன்னா, நாப்பது நாளு சேந்தாப்புல கரண்ட் போகாம இருந்தாத்தான் அந்த வெளக்கு எரியுமா?" என்றாள் ஞானஜோதி.

"ஆமா."

"நம்ம எஸ்டேட்லயா?"

கீழே கடையில் யாரோ ஆணி எடை போடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஞானஜோதி நிறைந்த கண்ணை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "ஒரு கெட்டதக்கூட உங்களுக்கு ஒழுங்காச் செய்யத் தெரியல" என்றாள். பிறகு தேங்காய் நறுக்கிய கத்தியை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய், முதல் அட்டைப்பெட்டியின் கயிற்றை அறுத்தாள்.

இரண்டாவது பெட்டியின் கயிறும் அறுந்தபோது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. அதில் இருந்த பெருமையை அவரால் மறைக்க முடியவில்லை.

"ஆனா ஜோதி, ஒரு நாளு ஒரு பொழுது கூட மொரண்டு பிடிக்கலையாம்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள். அறுத்த கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

"ஆணி வாங்கிட்டு வாங்க" என்றாள். "கீழதான் கட. படத்த மாட்டணும்."